இமெயிலைக் கண்டுபிடித்தது தமிழரா? ஒரு சரிபார்ப்புக் குறிப்பு

போன வாரம் சாந்தோமில் எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவுக்கு அந்தப் பழைய ஃபார்வர்ட் மறுபடியும் வந்தது: "இமெயிலைக் கண்டுபிடித்தவர் 14 வயதுத் தமிழர்! அமெரிக்க அரசே சான்று கொடுத்தது!" ஒன்பதாவது படிக்கும் மகள் பள்ளிப் பேச்சுப் போட்டிக்கு இதையே எடுத்துக்கலாம் என்றாள். "அப்பா, நீங்க சாஃப்ட்வேர்லதானே இருக்கீங்க, உண்மையான்னு பார்த்துச் சொல்லுங்க."

இரண்டு ராத்திரி உட்கார்ந்து தேடினேன். ஒரு தொழில்முனைவோர் தன்னைப் பற்றிச் சொல்வதை எப்படிச் சரிபார்ப்பது என்பதற்கு இது நல்ல பாடம். அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆள், சிவா அய்யாதுரை. 1963-ல் மும்பையில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, 7 வயதில் அமெரிக்கா போனவர். எக்கோமெயில், சைட்டோசால்வ் நிறுவனங்களைத் தொடங்கியவர்.

முதல் வேலை, பெரிய பேச்சைத் துண்டு துண்டாக உடைப்பது. ஒரு துண்டு உண்மை என்பதால் அடுத்ததும் உண்மை ஆகிவிடாது.

படிப்பு: எம்.ஐ.டி.யில் நான்கு பட்டங்கள். 2007-ல் முனைவர் பட்டம். இதில் சந்தேகமே இல்லை.

நிரல்: 1978-ல், 14 வயதில், நியூஜெர்சியில் ஒரு மருத்துவக் கல்லூரிக்காக மின்னஞ்சல் நிரல் எழுதத் தொடங்கினார். அதற்கு 'இமெயில்' என்றே பெயர் வைத்து, 1982 ஆகஸ்ட் 30-ல் பதிவு செய்தார். இதுவும் உண்மை.

அரசுச் சான்று: இங்கேதான் சிக்கல். அவர் வாங்கியது பதிப்புரிமை. பேட்டன்ட் இல்லை. தமிழில் ரெண்டையும் பல பேர் 'காப்புரிமை' என்றே எழுதுவதால் குழப்பம் கூடுது. பேட்டன்ட் கேட்டால், இது புதுசா என்று அதிகாரிகள் தேடிப் பார்ப்பார்கள். பதிப்புரிமைப் பதிவில் அந்தத் தேடலே கிடையாது. இந்த நிரலை எழுதியது நான்தான் என்பதற்கான பதிவு அது, அவ்வளவுதான். அந்தக் காலத்தில் மென்பொருளுக்குப் பேட்டன்ட் கிடைப்பது கஷ்டம் என்பது அவர் தரப்பு வாதம். நியாயமான வாதம்தான். ஆனாலும் அதனால் பதிப்புரிமை, 'முதல் ஆள்' என்பதற்குச் சாட்சி ஆகிவிடாது.

அடுத்து, தேதிகள். 1965-லேயே எம்.ஐ.டி. கணினியில் பயனர்கள் ஒருவருக்கொருவர் அஞ்சல் அனுப்பினார்கள். 1971-ல் ரே டாம்லின்சன் '@' குறியோடு ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பினார். 1977 நவம்பரில் வெளியான ஆர்.எஃப்.சி. 733 என்ற ஆவணத்தில் 'டு', 'சிசி', 'பிசிசி', 'சப்ஜெக்ட்' எல்லாமே இருக்கு. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, திறந்து பாருங்க.

ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் 2012-ல் அவருடைய ஆவணங்களை வாங்கிக்கொண்டதைப் பலர் அங்கீகாரமாகக் காட்டுகிறார்கள். ஆனால் கணினி வழிச் செய்திப் பரிமாற்றம் அவருக்கு முன்பே இருந்தது என்று அதே நிறுவனம் அப்போதே அறிக்கை விட்டது.

நீதிமன்ற விவகாரத்தை இரு தரப்பும் தங்களுக்குச் சாதகமாகச் சொல்வதைப் பார்த்தேன். 2016-ல் காக்கர் நிறுவனம் 7,50,000 டாலர் கொடுத்தது சமரசம், தீர்ப்பு இல்லை. 2017-ல் டெக்டர்ட் தளத்தின் மீதான அவதூறு வழக்கு தள்ளுபடி ஆனது. 'இமெயில்' என்பதற்கு எந்த வரையறை என்பதைப் பொறுத்த கருத்து இது என்றார் நீதிபதி. யார் கண்டுபிடித்தார் என்று அவரும் முடிவு சொல்லவில்லை.

குழுவில் இதைச் சுருக்கமாகப் போட்டேன். "தமிழன் பெருமையைக் குறைக்கிறீங்களே சார்" என்றார் மூன்றாம் மாடிக்காரர். எனக்கும் வருத்தம்தான். நானும் சில வருஷம் முன்பு இதே ஃபார்வர்டை நாலு பேருக்கு அனுப்பினவன்.

மகள் தலைப்பை மாற்றவில்லை, ஒரு வரியை மட்டும் மாற்றினாள்: "14 வயசுல ஒரு மருத்துவக் கல்லூரிக்கு மின்னஞ்சல் நிரல் எழுதிய தமிழர்." இந்த வரியை எந்த நடுவர் கேள்வி கேட்டாலும் அவள் தலைகுனிய வேண்டியதில்லை.

நாளைக்கே ஒருவர் உங்களிடம் முதலீடு கேட்டு, கம்பெனிப் பதிவுச் சான்றை நீட்டலாம். கம்பெனி பதிவாகியிருக்கு என்பதைத்தான் அது சொல்லும். ஆள் நேர்மையானவரா என்று சொல்லாது. சான்று இருக்கா என்று மட்டும் பார்க்காதீங்க, அது எதற்குக் கொடுத்த சான்று என்றும் பாருங்க.