ஐயரம்மா இல்லாத குருமனை

சம்பா அறுப்பு முடிந்தால் காவிரி டெல்டாவின் லுத்தரன் கோயில்களில் அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்த கையோடு ஏலம் தொடங்கும். நெற்கதிர்க் கட்டு, கால் கட்டிய சேவல், பூவன் தார், பரங்கிக்காய் என்று ஒவ்வொன்றையும் தூக்கிக் காட்டி உபதேசியார் விலை கூவுவார். அந்தப் பக்கம் பந்தியைக் கவனித்துக்கொண்டிருப்பவர் ஐயரம்மா, அதாவது சபைக் குருவான ஐயரின் மனைவி. பெண்கள் சங்கம், ஞாயிறு பள்ளி, பிரசவ வீடு, துக்க வீடு எதுவானாலும் முதல் ஆள் அவர்தான்.

அதனால்தான் கல்யாணம் ஆகாத ஒரு இளம் ஐயர் குருமனைக்கு வந்து இறங்கினால் சபைக்கு இருப்புக்கொள்ளாது. ஒரு வருஷத்துக்குள் நாலு வரன் வந்துவிடும். ‘வேண்டாம்’ என்று அவர் ஏன் சொல்கிறார் என்று கேட்பாரில்லை.

அந்த ‘வேண்டாம்’ தன்பாலீர்ப்பால் வந்ததாக இருந்தால்? அப்படிப்பட்டவர் குருவாக இருக்கலாமா என்ற கேள்வியை உலக லுத்தரன் சபைகள் வெளிப்படையாகவே கேட்டு, மோதி, பிரிந்தும் இருக்கின்றன. 2009 ஆகஸ்டில் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் அங்குள்ள பெரிய லுத்தரன் சபையின் மாநாடு கூடியது. நிலையான உறவில் வாழும் தன்பாலீர்ப்பாளர்கள் குருவாகத் தொண்டு செய்யலாம் என்ற தீர்மானம் 559-க்கு 451 என்று நிறைவேறியது. இரண்டு நாள் முன்புதான் அந்தப் பக்கம் சூறாவளி வீசி, மாநாட்டு அரங்கின் அருகிலிருந்த லுத்தரன் கோயிலின் கோபுரத்தைச் சேதப்படுத்தியிருந்தது. தேவ கோபம் என்றார்கள் சிலர். நூற்றுக்கணக்கான சபைகள் வெளியேறின. 2010இல் தனித் திருச்சபை ஒன்றே உருவானது.

அதே 2009இல், பெண் துணையோடு வாழ்வதை மறைக்காத ஈவா புரூன்னே ஸ்டாக்ஹோமின் பேராயரானார். ஸ்வீடன் சபை நமக்கு அந்நியமல்ல. தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபைக்கு 1921 முதல் வந்த பேராயர்கள், 1956இல் ராஜா மாணிக்கம் பொறுப்பேற்கும்வரை, ஸ்வீடன் மிஷன் வழி வந்தவர்கள்தான். எத்தியோப்பியாவின் மெக்கானே யேசுஸ் சபை 2013இல் ஸ்வீடன், அமெரிக்க சபைகள் இரண்டோடும் உறவை முறித்துக்கொண்டது. டெல்டாவின் கோயில்களிலோ இது பிரசங்க மேடை ஏறும் பொருளே அல்ல. வேத வசனம் தெளிவாக இருக்கும்போது விவாதம் எதற்கு என்பவர்கள் உண்டு. அவர்கள் மனசாட்சியோடுதான் சொல்கிறார்கள்.

ஆனால், யார் கையால் திருவிருந்து வாங்குவது என்பது தஞ்சை மண்ணுக்குப் புதிய வழக்கல்ல. 1733இல் தரங்கம்பாடியில் ஆரோன் முதல் தமிழ் லுத்தரன் குருவானார். அடுத்த இடத்துக்கு அடிபட்ட பெயர்களில் ஒன்று ராஜநாயக்கன். தஞ்சை மன்னர் படையில் இருந்து, பிறகு உபதேசியாராகி ஊர் ஊராக நடந்தவர். பறையர் சமூகத்தில் பிறந்தவர். அவர் கையால் திருவிருந்து வாங்க மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் தயங்குவார்கள் என்று 1741இல் குருப்பட்டம் தியோகோவுக்குப் போனது. ராஜநாயக்கன் உபதேசியாராகவே உழைத்து மறைந்தார். தகுதியில் குறை சொல்ல முடியாதபோது பிறப்பைக் காட்டி விலக்கிய கதை இது. இன்று யாரும் அந்த முடிவை நியாயம் என்று சொல்லத் துணியமாட்டார்கள்.

கல்யாணமே செய்துகொள்ளாத மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரைத் தலையில் வைத்துக் கொண்டாடிய ஊரும் இதே தஞ்சாவூர்தான். சரபோஜி மன்னர் அவருக்காக லண்டன் சிற்பி ஃபிளாக்ஸ்மனிடம் செய்வித்த பளிங்குச் சிற்பம் சிவகங்கைத் தோட்டத்துக் கோயிலில் இன்றும் இருக்கிறது.

குருப்பட்டம் யாருக்கு என்பதைச் சபை மன்றங்கள் மெதுவாகவே தீர்த்துக்கொள்ளட்டும். அதற்குள் நடந்துவிடுகிற காரியம்தான் நெஞ்சை அறுக்கிறது. மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பான ஓலை வாசிக்கப்படுகிறது. “தடை ஏதும் உண்டானால் தெரிவிக்கவும்” என்கிறார் ஐயர். வரிசையில் உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளைக்கே தடை தெரியும். வாய் திறந்தால் அப்பா அம்மா தலைகுனிவார்கள் என்று தலையைக் குனிந்துகொள்கிறான். நாலாம் வாரம் ஒரு பெண் அந்த வீட்டுக்குள் நுழைகிறாள். அவள் என்ன பாவம் செய்தாள்? தன்னிடம்தான் ஏதோ குறை என்று எண்ணி எண்ணியே அவள் வயது கரைகிறது. குருவுக்குப் படிக்கிற பையனானால் நெருக்கடி இரட்டிப்பு: குருமனைக்கு ஐயரம்மா வேண்டுமே!

சட்டம் இங்கே முன்னால் போய்விட்டது. தன்பாலீர்ப்பு உறவு குற்றமல்ல என்று 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ‘குணப்படுத்துகிறோம்’ என்ற பெயரில் நடக்கும் சிகிச்சைகளுக்குத் தடை வேண்டுமென 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவிட்டார். உபவாச ஜெபத்துக்கும் கல்யாணத்துக்கும் பிள்ளையை மாற்றும் வேலையைக் கொடுக்கும் பெற்றோர் இந்த உத்தரவை ஒருமுறை கேட்டறிய வேண்டும்.

ஓலைக்குப் பெயர் எழுதிக் கொடுக்கும் முன், பையனைத் தனியே உட்காரவைத்து, “உனக்குச் சம்மதமாப்பா?” என்று கேளுங்கள். அவன் சொல்லும் பதில் எதுவானாலும் அடிக்காமல், அழாமல், முழுசாகக் கேளுங்கள்.