தங்கக் கப்பல்... யார் கட்டினாங்க?

தூரத்துல இருந்து பார்த்தா ஒரு குட்டி நிலா மாதிரி இருக்கும். கொஞ்சம் கிட்டே போனா, 'நிலாவுக்கு எதுக்குக் கோட்டைச் சுவரும் கோபுரமும்?'னு டவுட் வரும். இன்னும் கிட்டே போனா, வரிசை வரிசையா பீரங்கி வாய்கள் நம்மளையே முறைச்சுக்கிட்டு இருக்கும். அப்பதான் உறைக்கும்... இது நிலா இல்லை பாஸ், கப்பல்!

பெயர், ஃபேலங்க்ஸ். 'வார்ஹாமர் 40,000' என்கிற சயின்ஸ் ஃபிக்‌ஷன் உலகத்தின் பொன்னிறப் போர்க்கப்பல். வயது பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் மேல். அதற்குள் குடியிருப்பவர்கள், மனித இனத்தின் ஸ்பெஷலிஸ்ட் சண்டைக்காரர்கள். சரி, கப்பலைக் கட்டியது யார்? அந்த உலகத்தில் யாரைக் கேட்டாலும் சரியான பதில் கிடைக்காது. கப்பலின் உண்மையான சுவாரஸ்யமே அந்தப் பதில் இல்லாமைதான்.

வார்ஹாமரா, அது என்ன சுத்தியலான்னு கேட்கிறவங்களுக்கு ஒரு குட்டி அறிமுகம். பிரிட்டனில் 'கேம்ஸ் வொர்க்‌ஷாப்' என்று ஒரு கம்பெனி, 1975-ல் ஆரம்பித்தது. 1987-ல் ரிக் ப்ரீஸ்ட்லி எழுதிய 'ரோக் ட்ரேடர்' என்ற விதிப் புத்தகத்தோடு இந்த ஆட்டம் பிறந்தது. விரல் உயரப் பொம்மைச் சிப்பாய்களை வாங்கி, நீங்களே ஒட்டி, நீங்களே பெயின்ட் அடித்து, மேஜை மேல் அணிவகுத்து, தாயக்கட்டையை உருட்டிப் போர் செய்யணும். அவ்வளவுதான் மேட்டர். ஆனா, அந்தப் பொம்மைகளுக்குப் பின்கதை சொல்லப்போய் நூற்றுக்கணக்கில் நாவல்கள், வீடியோ கேம்கள் என்று வளர்ந்து, 2024 டிசம்பரில் லண்டன் பங்குச் சந்தையின் டாப் 100 கம்பெனிகள் பட்டியலுக்குள்ளேயே போய்விட்டது கேம்ஸ் வொர்க்‌ஷாப். பொம்மைக் கடைன்னு யாராவது இளக்காரமா சொன்னா, இதை எடுத்து விடுங்க!

கதை நடப்பது 41-வது ஆயிரமாண்டில். மனிதர்கள் பால்வீதி முழுக்கப் பரவிவிட்டார்கள். ஆள்கிற சக்கரவர்த்தி, சாகவும் இல்லாமல் வாழவும் இல்லாமல் ஒரு தங்க சிம்மாசனத்தில் பத்தாயிரம் வருஷமாக உட்கார்ந்திருக்கிறார். எல்லைகளில் ஓயாத சண்டை. அந்தச் சண்டைகளின் உச்சக்கட்டத்துக்கு அனுப்பப்படுபவர்கள்தான் 'ஸ்பேஸ் மரீன்'கள். சின்ன வயதிலேயே பிடித்துவந்து, உடம்புக்குள் புதுப்புது உறுப்புகளைப் பொருத்தி உருவாக்கிய ராட்சத வீரர்கள். ஆளுக்கு இரண்டு இதயம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பிரிவுக்குச் சுமார் ஆயிரம் பேர்தான். அதில் மஞ்சள் கவசம் போட்ட பிரிவு, 'இம்பீரியல் ஃபிஸ்ட்ஸ்'. கோட்டை காப்பதில் கில்லிகள். மற்ற பிரிவுகள் பெரும்பாலும் ஏதாவது ஒரு கிரகத்தில் கோட்டை கட்டி உட்கார்ந்திருக்க, இவர்களுடைய கோட்டை மட்டும் பறந்துகொண்டிருக்கிறது. அதுதான் ஃபேலங்க்ஸ்.

கைமாறிய கப்பல்

இவர்களுடைய ஆதித் தலைவர் ரோகல் டோர்ன். சக்கரவர்த்தி உருவாக்கிய மகன்களில் ஒருவர். குழந்தையிலேயே தொலைந்துபோய் இன்விட் என்கிற பனிக் கிரகத்தில் வளர்ந்தார். பல வருஷம் கழித்து அப்பா தேடிக்கொண்டு வந்தபோது, மகன் சும்மா கையை வீசிக்கொண்டு போய் நிற்கவில்லை. ஃபேலங்க்ஸில் ஏறிப் போய் அப்பாவைச் சந்தித்தார். 'இது உங்களுக்கு' என்று கப்பலையே பரிசாகக் கொடுத்தார். அவர் வாங்கி, 'இது உன் படைக்கே வீடாக இருக்கட்டும்' என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து அது அந்தப் படையின் வீடு.

கவனியுங்க, டோர்ன் கையில் இருந்தபோதே அது பழைய கப்பல். சக்கரவர்த்தியின் சாம்ராஜ்யம் பிறப்பதற்கு முந்தைய காலத்துச் சரக்கு. அந்தக் காலத்தில் மனிதர்கள் டெக்னாலஜியில் எங்கேயோ உச்சத்தில் இருந்தார்களாம். பிறகு, தாங்கள் படைத்த இயந்திரங்களே எதிர்த்துக் கிளம்ப, நாகரிகம் சரிந்து, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இருட்டு. அதில் படித்ததெல்லாம் போச்சு. மிச்சம் இருப்பது பொருட்கள் மட்டும். அதை எப்படிச் செய்தார்கள் என்ற விவரம் காலி!

இங்கேதான் ரைட்டர்கள் ஒரு சூப்பர் ஐடியா பிடித்தார்கள். விவரம் போனபிறகு மிஞ்சுவது என்ன? சடங்கு! இந்த உலகத்தில் இன்ஜினீயர்களே கிடையாது. அவர்கள் இடத்தில் செவ்வாய் கிரகத்துப் பூசாரிகள் இருக்கிறார்கள். சிவப்பு அங்கி, பாதி உடம்பு இரும்பு. இன்ஜினை ஸ்டார்ட் செய்யணுமா? சாம்பிராணி போட்டு, புனித எண்ணெய் தடவி, மந்திரம் சொல்லி, இயந்திரத்துக்குள் இருக்கிற ஆவியைச் சமாதானம் செய்யணும். மந்திரத்தின் நடுவே 'மூணாவது வால்வைத் திற' என்று ஒரு வரி இருக்கும். ஏன் மூணாவது? கேட்கக் கூடாது. நாமும்தான் ஆயுத பூஜைக்கு லேத் மெஷினுக்குப் பொட்டு வைக்கிறோம். ஆனா, பூஜை முடிஞ்சதும் ஸ்பேனரை எடுப்போம். அங்கே பூஜையேதான் ஸ்பேனர்.

இதில் ஒரு கிளைக்கதை உண்டு. பழங்கால வடிவமைப்புக் குறிப்பு ஒன்றை இரண்டு சாதாரணப் படைவீரர்கள் கண்டெடுக்கிறார்கள். அணுகுண்டா, லேசரா? ம்ஹூம்... கொஞ்சம் நல்ல கத்தி ஒன்றைச் செய்யும் முறை. அதற்குப் பரிசு என்ன தெரியுமா? ஆளுக்கு ஒரு கிரகம்! கத்திக்கே இந்த மரியாதை என்றால், நிலா சைஸ் கப்பலை எப்படிப் பார்ப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அதில் ஒரு பாகம் உடைந்தால், அதே மாதிரி இன்னொன்று செய்யலாம் என்ற உத்தரவாதம் கிடையாது. ஃபேலங்க்ஸ் அழிந்தால் இன்னொரு ஃபேலங்க்ஸ் வரப்போவதில்லை. காவல் காக்கிற வீரர்கள் ஒரு பக்கம் பீரங்கி பிடித்துக்கொண்டே, இன்னொரு பக்கம் மியூசியம் வாட்ச்மேன் வேலையும் பார்க்கிறார்கள்.

'செம கற்பனைப்பா' என்று சிரித்துவிட்டுப் போக முடியாத மாதிரி ஒரு நிஜக் கதை இருக்கிறது. அமெரிக்க நீர்மூழ்கிகளின் ஏவுகணைகளில் இருக்கும் டபிள்யூ76 அணு ஆயுதத்துக்குள் 'ஃபாக்பேங்க்' என்று ஒரு பொருள் உண்டு. 1975 முதல் 1989 வரை டென்னசி மாநிலத்தின் ஓக் ரிட்ஜில் தயாரித்தார்கள். வேலை முடிந்ததும் நிறுத்திவிட்டார்கள். 2000-களில் பழைய ஆயுதங்களைப் புதுப்பிக்கலாம் என்று இறங்கினால், திக்! தயாரிப்புக் குறிப்புகள் சொற்பம். செய்யத் தெரிந்தவர்களில் கிட்டத்தட்ட எல்லோரும் ரிட்டயராகியோ வேறு வேலைக்கோ போயாச்சு. புதிதாகத் தொழிற்சாலை கட்டி, கோடி கோடியாகக் கொட்டி முயன்றும் பழைய தரம் வரவில்லை. கடைசியில் தெரிந்த காரணம்தான் க்ளாஸ். பழைய மூலப்பொருளில் ஒரு கலப்படம் இருந்திருக்கிறது. அது அவசியமான கலப்படம் என்று பழைய ஆட்களுக்கே தெரியாது. புது ஆட்கள் ரொம்ப சின்சியராகச் சுத்தம் செய்து, அதை நீக்கிவிட்டார்கள்! இந்தத் தாமதத்தையும் செலவையும் 2009-ல் அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகமே அறிக்கையில் எழுதியது. பத்தாயிரம் வருஷம் எல்லாம் வேண்டாம் பாஸ், இருபது வருஷமே போதும்.

எலும்பில் எழுதுகிறவர்கள்

கப்பலுக்குள் போவோம். உள்ளே தொழுகை மண்டபங்கள், பயிற்சிக் கூடங்கள், ஆயுதக் கிடங்குகள். ஒரு ஊரே நடமாடுகிறது. இம்பீரியல் ஃபிஸ்ட்ஸ் வீரர்களுக்கு ஒரு வினோதப் பழக்கம். செத்துப்போன சகாக்களின் எலும்பில் நுணுக்கமாகச் செதுக்கு வேலை செய்வார்கள். கேட்கவே சில்லிட்டாலும், அவர்களுக்கு அது அஞ்சலி. டோர்ன் எதிரிக் கப்பல் ஒன்றில் சண்டையிட்டுக் காணாமல் போனபோது மீட்கப்பட்டது அவர் கை மட்டும்தான். அந்தக் கையின் எலும்பு இன்றும் ஃபேலங்க்ஸில் பத்திரம். தலைமைப் பொறுப்புக்கு வருகிற ஒவ்வொருவரும் அந்த எலும்பில் தன் பெயரைச் செதுக்கிக்கொள்வார்.

மஞ்சள் கவசக்காரர்கள் ஆயிரம் பேர் சரி. மற்ற வேலைகளை யார் பார்ப்பது? வார்ஹாமர் கப்பல்களின் கீழ்த்தளங்களைப் பற்றிப் படித்தால் வயிற்றைப் பிசையும். வீடு அளவு குண்டுகளைச் சங்கிலி கட்டி மனிதர்களே இழுத்துப் பீரங்கிக்குள் திணிக்கிறார்கள். அங்கேயே பிறந்து, அங்கேயே கல்யாணம் செய்து, வானத்தையே பார்க்காமல் அங்கேயே சாகிற தலைமுறைகள் உண்டு. நாவல்களில் இவர்களுக்குப் பெயர் கிடைப்பது அபூர்வம். எனக்கு இந்த உலகத்தின் மீதிருக்கும் பெரிய மனத்தாங்கலே அதுதான். அட்டைப்படத்தில் மஞ்சள் கவசம் மின்னும், சங்கிலி இழுத்தவன் அரைப் பத்தியில் முடிந்துபோவான்.

கப்பல்களின் இந்தத் தோற்றத்துக்கு மூலம், பாய்மரக் காலத்து பிரிட்டிஷ் கடற்படை. 1999-ல் வந்த 'பேட்டில்ஃப்ளீட் காதிக்' என்ற விண்வெளிக் கப்பல் சண்டை ஆட்டத்தில், கப்பல்கள் பக்கவாட்டில் வரிசையாகப் பீரங்கி வைத்து, பக்கம் காட்டித்தான் சுடும். 1805-ல் ட்ரஃபால்கர் போரில் நெல்சனின் 'விக்டரி' சுட்டதும் இப்படித்தான். 1765-ல் கடலில் இறங்கிய அந்தக் கப்பல் 1922-ல் இருந்து போர்ட்ஸ்மவுத்தில் தரையில் நிற்கிறது. ஆனா, கணக்குப்படி இன்றும் பணியில் இருக்கிற கடற்படைக் கப்பல்! பலகைகள் பெரும்பாலும் மாற்றப்பட்டவை. பெயரும் மரியாதையும் மட்டும் மாறவில்லை.

வெடித்த இன்ஜின்

ஃபேலங்க்ஸ் கலக்கிய காட்சிகள் நிறைய. துரோகிப் பட்டம் சுமந்த 'சோல் டிரிங்கர்ஸ்' பிரிவை இந்தக் கப்பலில் வைத்துத்தான் விசாரிக்கிறார்கள் (பென் கவுன்ட்டரின் 2012 நாவலுக்குப் பெயரே 'ஃபேலங்க்ஸ்'). 2017-ல் வந்த 'ஃபால் ஆஃப் கேடியா' கதையில், கடைசி நேரத்தில் வந்து எதிரியின் மாபெரும் விண்கோட்டையை நொறுக்குகிறது. அப்படியும் கேடியா கிரகம் தப்பவில்லை என்பது தனி சோகம்.

ஆனா, என் ஓட்டு வேறொரு காட்சிக்கு. ஜேம்ஸ் ஸ்வாலோ 2007-ல் எழுதிய 'தி ஃப்ளைட் ஆஃப் தி ஐசன்ஸ்டைன்' நாவல். சக்கரவர்த்தியின் செல்லப் பிள்ளை ஹோரஸ், அப்பாவுக்கே எதிராகத் திரும்பி, தன் சொந்தப் படையில் விசுவாசமானவர்களை ஒரு கிரகத்தில் இறக்கி வைரஸ் குண்டு போட்டுக் கொல்கிறான். இதை நேரில் பார்த்த கேப்டன் காரோ, 'ஐசன்ஸ்டைன்' என்ற சின்னக் கப்பலில் கொஞ்சம் பேரோடு தப்பிக்கிறார். பூமிக்குத் தகவல் சொல்லணும். வழியில் அடி மேல் அடி. கப்பல் ஆளரவமற்ற வெளியில் நின்றுவிடுகிறது. கூப்பிட்டால் யாருக்கும் கேட்காது. காரோ ஒரு முடிவெடுக்கிறார். ஒளியை மிஞ்சிப் பாயவைக்கிற இன்ஜினையே கழற்றி வெளியே தள்ளி வெடிக்க வைக்கிறார்! யாராவது பார்த்தால் பிழைப்போம், இல்லையென்றால் இங்கேயே சமாதி.

பார்த்தது, ஃபேலங்க்ஸ்.

வழக்கமான கதை என்றால் இங்கே கட்டிப்பிடித்துக் கைதட்டல். இதில் இல்லை. டோர்னிடம் போய் 'உங்க சகோதரன் துரோகி' என்று காரோ சொல்கிறார். டோர்ன் நம்பவில்லை. ஆத்திரத்தில் காரோவின் உயிரையே எடுக்கப் போகிறார். கடைசியில், கூட வந்த ஒரு பெண்ணின் நினைவுப் பதிவைத் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் இறங்கி வருகிறார். சேதி சொன்னவர்களுக்குக் கிடைத்தது? நிலாவில் காவல். துரோகம் செய்த படையிலிருந்து வந்தவர்களாச்சே, சந்தேகம் போகுமா? எந்த நெருப்புக்கும் அசையாத கோட்டைக் கப்பல், ஒரு கெட்ட சேதியில் ஆடிப்போய் நிற்கிற அந்தச் சில பக்கங்களுக்காகவே நாவலைப் படிக்கலாம்.

ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் இருக்கட்டும். இந்த சாம்ராஜ்யத்தை 'நல்லவங்க டீம்' என்று சீரியஸாக எடுத்துக்கொண்டு கொடி பிடிக்கிற ரசிகர்களும் உண்டு. 2021 நவம்பரில் கேம்ஸ் வொர்க்‌ஷாப்பே அறிக்கை விட்டு, 'இது கிண்டல்தான், இப்படி ஆகிவிடக் கூடாது என்பதற்கான கதை' என்று விளக்க வேண்டி வந்தது. கேள்வி கேட்டவனை எரிக்கிற அரசாங்கம், பட்டனுக்குச் சாம்பிராணி போடுகிற விஞ்ஞானம்... இதற்கு விளக்கவுரை வேற!

ஆரம்பிக்க ஆசையா? நேரே 'ஐசன்ஸ்டைன்' பக்கம் பாயாதீங்க. அது 'ஹோரஸ் ஹெரெஸி' வரிசையில் நாலாவது. 2006-ல் டான் ஆப்னெட் எழுதிய 'ஹோரஸ் ரைசிங்'கில் தொடங்கி, முதல் மூணையும் முடிச்சுட்டு வாங்க. அப்புறம் மொத்த வரிசையையும் முடிக்கணும்னா ஐம்பது புத்தகத்துக்கு மேல இருக்கு. செமஸ்டர் லீவு பத்தாது. பொம்மை வாங்கிப் பெயின்ட் அடிக்கிற பக்கம் மட்டும் போயிடாதீங்க... பாக்கெட் மணி மொத்தமும் மஞ்சள் பெயின்ட்டுக்கே போயிடும்!