துறைமுக நாள்கள்

ஆடி மாதத்தில் அமராவதிக் கரையிலுள்ள கொமரலிங்கத்தில் வாழ்பவர்களுக்குக் காற்றின் வலிமையை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியே புகுந்துவரும் தென்மேற்குப் பருவக்காற்று, உடுமலை வட்டாரத்துக் காற்றாலைகளை இரவும் பகலும் சுழற்றுகிறது. கடலை அறியாத இவ்வூருக்கு அக்காற்று அரபிக்கடலைக் கடந்தே வருகிறது. இங்கே மின்னாற்றல் தரும் அதே காற்று, அங்கே பேரலைகளை எழுப்பிச் சிறு பாய்மரப் படகுகளைத் துறைமுகத்திலேயே நிறுத்திவைக்கிறது.

இந்தியக் கடற்படை அதிகாரி திலீப் தோண்டே, 2009 ஆகஸ்டு 19 அன்று, அக்காற்று தணியத் தொடங்கும் பருவத்தில்தான் மும்பையிலிருந்து புறப்பட்டார். கோவாவில் கட்டப்பட்ட 'மாதேய்' என்னும் 56 அடிப் பாய்மரப் படகில் அவர் ஒருவரே இருந்தார். ஆஸ்திரேலியாவின் பிரீமாண்டில், நியூசிலாந்தின் லிட்டல்டன், பாக்லாந்துத் தீவுகளின் போர்ட் ஸ்டான்லி, தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் ஆகிய நான்கு துறைமுகங்களில் தங்கி, 2010 மே மாதம் மும்பை திரும்பினார். பாய்மரப் படகில் தனியாக உலகைச் சுற்றிவந்த முதல் இந்தியர் அவரே. ஒன்பது மாதப் பயணத்தில் கடலில் கழிந்தவை 157 நாள்கள். ஏனைய நாள்கள், ஏறத்தாழ நான்கு மாதங்கள், துறைமுகங்களில் கழிந்தன. அந்த நான்கு மாதங்களை ஓய்வு என்று கருதினால் கடற்பயணத்தில் பாதியைப் புரிந்துகொள்ளாதவர்கள் ஆவோம்.

நூலும் கயிறும்

பெருங்கப்பலில் ஒவ்வொரு பணிக்கும் ஓர் ஆள் உண்டு. தனி மாலுமியோ தானே தலைவர், தானே தச்சர், தானே சமையற்காரர், தானே மருத்துவர். நடுக்கடலில் ஒரு பொருள் பழுதுபட்டால், ஆடும் தளத்தில், ஈரக் கைகளோடு, தூக்கத்தை இழந்து அதைச் சீர்செய்ய வேண்டும். எனவே பழுது நேருமுன் அதைக் கண்டுபிடிப்பதே அவருடைய துறைமுகப் பணியின் சாரம்.

பாயைப் பற்றிய செய்தி திருப்பூர் வட்டாரத்து மாணவர்களுக்கு எளிதில் விளங்கும். பின்னலாடைத் துணி இழுத்தால் நீளும். உடலோடு பொருந்துவதற்கு அந்த நெகிழ்வே தேவை. பாய்க்கு அந்த நெகிழ்வு ஆகாது. காற்றின் இழுப்பில் வடிவம் மாறிய பாய், படகை முன்னே செலுத்தும் ஆற்றலை இழந்துவிடும். ஆதலால் பாய் பின்னப்படுவதில்லை, இறுக்கமாக நெய்யப்படுகிறது. முன்பு பருத்தியில் நெய்தனர். இன்று பெரும்பாலும் பாலியெஸ்டர் இழையில் நெய்கின்றனர். ஆனால் துண்டுகளை இணைக்கும் தையல் மட்டும் சற்றே நெகிழ வேண்டும். நேர்த்தையல் திடீர் இழுப்பில் அறுந்துவிடும் என்பதால் ஜிக்ஜாக் தையலே இடுவர்.

துணி நன்றாக இருக்கும்போதே தையல் போய்விடுவது உண்டு. தையல் நூல் துணியின் மேற்பரப்பில் புடைத்து நிற்பதால், வெயிலின் புறஊதாக் கதிரும் கம்பிகளின் உராய்வும் அதையே முதலில் தாக்குகின்றன. நூலை நகத்தால் கீறிப் பார்த்து, அது பொடிந்தால் அந்தப் பகுதி முழுவதையும் மீண்டும் தைக்க வேண்டும். துறைமுகத்தில் அரை நாள் வேலை இது. விட்டுவிட்டால், புயலிரவில் ஓர் அங்குலப் பிரிவு சில நிமிடங்களில் பாயின் முழு நீளத்துக்கும் கிழியும்.

கயிற்றிலும் இதே நிலைதான். பாயை உயர்த்தும் கயிறு, வாரக்கணக்கில் பாய்மர உச்சியின் கப்பியில் ஒரே இடத்தில் அழுந்திக் கிடக்கும். அந்த இடமே தேயும். அதன் முனையில் சிறிது வெட்டிவிட்டு மீண்டும் கட்டினால், தேயாத பகுதி கப்பியின்மேல் வந்தமரும். கயிறு முழுவதும் புதிதாக வேண்டியதில்லை. பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகளைத் துணியால் துடைத்துப் பார்ப்பர். துணி எங்கே சிக்குகிறதோ அங்கே ஓர் இழை அறுந்திருக்கிறது என்று பொருள். மர உச்சிக்கு ஏறத் தொங்கிருக்கை உண்டு. கரையில் ஒருவர் கயிற்றைப் பிடித்து உதவுவார். கடலில் அந்த உதவிக்கும் ஆளில்லை.

படகின் அடிப்பகுதியில் பாசியும் ஓடுடைய கடலுயிர்களும் ஒட்டி வளர்ந்து வேகத்தைக் குறைக்கும். வேகம் குறைந்தால் பயண நாள்கள் கூடும். நாள்கள் கூடினால் நீரும் உணவும் போதா. தமிழகத்துக் கிழக்குக் கடற்கரை மீனவர்கள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகளைக் கரையேற்றிச் சுரண்டி வண்ணம் பூசுவதும் இது போன்ற காரணத்தால்தான்.

காற்றழுத்தமானியின் முன்

வேலைகள் முடிந்தாலும் உடனே புறப்பட இயலாது. வானிலை இசைய வேண்டும். வெப்பமண்டலக் கடல்களில் காற்றழுத்தம் நாள்தோறும் முற்பகல் பத்து மணியளவிலும் இரவு பத்து மணியளவிலும் உயர்ந்து, இரு நான்கு மணிப் பொழுதுகளிலும் தாழ்கிறது. இந்த ஏற்ற இறக்கத்தைக் கணக்கிற்கொண்டு பார்த்த பின்னும், அப்பருவத்தின் இயல்பான அளவைவிட 3 மில்லிபார் குறைந்திருந்தால், புயல் உருவாகிறதோ என்று மாலுமி ஐயுற வேண்டும். செயற்கைக்கோள் படங்கள் கிடைக்கும் இக்காலத்திலும் காற்றழுத்தமானி படகிலிருந்து நீங்கவில்லை.

காத்திருப்பின் அருமையைத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகம் நன்கு உணர்த்தும். அக்கரையை ஒட்டி அகுல்லாஸ் என்னும் வலிய நீரோட்டம் தென்மேற்கு நோக்கிப் பாய்கிறது. பயணமும் அத்திசையிலேயே என்பதால் நீரோட்டம் படகுக்கு உதவும். ஆனால் தென்மேற்கிலிருந்து புயற்காற்று எதிர்த்து வீசினால், நீரும் காற்றும் மோதிச் செங்குத்தான அலைகள் எழும். பெருங்கப்பல்களையும் அவை சேதப்படுத்தியுள்ளன. அடுத்த துறைமுகமாகிய ஈஸ்ட் லண்டன் ஏறத்தாழ 250 கடல் மைல் தொலைவில் உள்ளது. மணிக்கு ஆறு கடல் மைல் செல்லும் படகுக்கு அது இரண்டு நாள் வழி. ஆகவே தென்மேற்குக் காற்று ஓய்ந்து வடகிழக்குக் காற்று தொடங்கும் பொழுதை எதிர்நோக்கி மாலுமிகள் அங்குக் காத்திருக்கின்றனர்.

உலகைத் தனியாகச் சுற்றிய முதல் மனிதரான ஜோசுவா சுலோக்கமும் அவ்வழியே சென்றார். பாழடைந்து கிடந்த 'ஸ்பிரே' என்னும் பழைய படகைப் பதின்மூன்று மாதங்கள் உழைத்துத் தம் கையாலேயே புதுப்பித்து, 1895இல் பாஸ்டனிலிருந்து கிளம்பியவர் அவர். 1897 செப்டம்பரில் மொரீசியஸ் தீவை அடைந்தபோது, நன்னம்பிக்கை முனையில் குளிர்காலக் கொந்தளிப்பு அடங்கியிருக்கவில்லை. எனவே அக்டோபர் இறுதிவரை அத்தீவிலேயே தங்கினார். பின்னர் டர்பனில் டிசம்பர் நடுப்பகுதிவரை இருந்தார். இவ்வளவு பொறுத்தும், கிறிஸ்துமஸ் நாளன்று முனையருகே கடல் அவரது படகைக் கடுமையாக ஆட்டியது. காத்திருப்பு ஆபத்தை அகற்றிவிடுவதில்லை. தாங்கக்கூடிய அளவுக்குக் குறைக்கிறது.

நாள் குறித்த பயணம்

காத்திருக்க இயலாத பயணத்திற்கும் சான்று உண்டு. 1968இல் இலண்டன் செய்தித்தாள் நிறுவனம் ஒன்று, எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றும் போட்டியை அறிவித்தது. அக்டோபர் 31க்குள் புறப்பட வேண்டும் என்பது விதி. டொனால்ட் குரோஹர்ஸ்ட் என்ற ஆங்கிலேயரின் படகு அன்றும் முழுமை பெறவில்லை. கடைசி நாளில், பணிகளை அரைகுறையாக விட்டு அவர் கிளம்பினார். படகினுள் புகும் நீரை இறைக்கும் பம்புக்குரிய குழாய் கரையிலேயே தங்கிவிட்டது. தென்பெருங்கடலுக்குச் செல்ல அந்தப் படகால் இயலாது என்பதை விரைவில் உணர்ந்த அவர், அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு, தாம் உலகைச் சுற்றிவருவதாகப் பொய்யான செய்திகளை அனுப்பினார். 1969 ஜூலை 10 அன்று அவரது படகு ஆளின்றி மிதக்கக் கண்டெடுக்கப்பட்டது. தனிமையும் பொய்யின் சுமையும் அவரை வருத்தின என்பது உண்மையே. எனினும் அத்துயரத்தின் முதல் இழை துறைமுகத்திலேயே அறுந்துவிட்டது.

நில்லாப் பயணம் இயலாதது அன்று. அதன் துறைமுக நாள்கள் அனைத்தும் புறப்பாட்டுக்கு முன்பே அமைந்துவிடுகின்றன. தோண்டேவின் பயணத்தில் கரைத்துணையாகப் பணியாற்றியவர் அபிலாஷ் டோமி என்னும் மற்றொரு கடற்படை அதிகாரி. மாதேய் படகின் கயிறுகளையும் கப்பிகளையும் பழுதுபார்ப்பின் வழியே அவர் அறிந்துகொண்டார். 2012 நவம்பர் 1 அன்று அதே படகில் மும்பையிலிருந்து தனியே புறப்பட்டு, எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் உலகைச் சுற்றி, பருவக்காற்று எழுவதற்கு இரண்டு மாதங்கள் முன்னதாக, 2013 மார்ச் 31 அன்று மும்பை வந்தடைந்தார்.