சியோலின் தெற்கு மலை

தென் கொரியாவின் தலைநகராகிய சியோல், குன்றுகள் சூழ அமைந்த நகரம். ஜோசன் வமிசத்து மன்னர் 1394-ஆம் ஆண்டில் இதனைத் தலைநகராகக் கொண்டு, அக்குன்றுகளின் முகட்டை ஒட்டியே மதில் எழுப்பினார். தென்புறக் குன்றுக்கு நம்சான் என்று பெயர். ‘தெற்கு மலை’ என்பதே அதன் பொருள். பிற்காலத்தில் நகரம் ஹான் நதியைக் கடந்து அக்கரையிலும் பரவிவிட்டமையால், தெற்கு மலை இன்று ஊரின் நடுவே நிற்கிறது. பெயர் மட்டும் மாறவில்லை.

மும்பையை விட்டு உத்தியோக நிமித்தம் இந்நகருக்கு வந்து இரண்டாண்டுகள் ஆகியும், அம்மலைமீதுள்ள கோபுரத்தை நாங்கள் வீட்டுச் சன்னலிலிருந்து பார்த்ததோடு சரி. இலையுதிர் காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் அது நீல நிறத்தில் ஒளிர்ந்தது. காற்றில் நுண்தூசி குறைந்திருந்தால் நீலமும், மிகுந்திருந்தால் சிவப்புமாக அதன் விளக்குகளை ஏற்றுவது இவ்வூர் வழக்கம். மறுநாள் காட்சி தெளிவாயிருக்கும் என்று துணிந்து, தயிர்ச்சாதமும் மாவடுவும் கட்டிக்கொண்டு புறப்பட்டோம். அண்டை வீட்டுக் கொரிய அம்மையாரும் உடன் வந்தார். வயது அறுபதைத் தாண்டியவர். எங்கள் மகளுக்கு அவர் ‘ஹல்மோனி’, அதாவது பாட்டி.

மலையேறப் படிகளும் உண்டு, பேருந்தும் உண்டு. நாங்கள் 1962 முதல் ஓடிவரும் கம்பிவட ஊர்தியில் ஏறினோம். மூன்றே நிமிடப் பயணம். நெரிசலில் பின்னாலிருந்து ஒரு குழந்தை “அப்பா!” என்று கூவ, நாங்கள் திரும்பிப் பார்த்தோம். அது கொரியக் குழந்தை! தந்தையை அப்பா என்றும் தாயை ஒம்மா என்றும் அழைப்பது இவர்கள் மொழியிலும் உண்டு. இதைக் கொண்டு பெரிய உறவுமுறை நாட்டுவோரும் நம்மவரில் இருக்கின்றனர். நாங்கள் அவ்வளவு தூரம் போகவில்லை.

மலை 270 மீட்டர் அளவே உயரமுள்ளது. திருச்சி மலைக்கோட்டையைப் போல் மூன்று மடங்கு எனலாம். அதன்மீது நிற்கும் கோபுரம் 236 மீட்டருக்குச் சற்று அதிகம். வானொலி, தொலைக்காட்சி ஒலிபரப்புக்காக 1969-இல் கட்டத் தொடங்கிய இதனைப் பொதுமக்கள் பார்வைக்கு 1980-இல் திறந்துவிட்டனர். அடிவாரத்தின் வேலிகளில் காதலர் பூட்டிச் சென்ற பூட்டுகள் ஆயிரமாயிரமாகத் தொங்குகின்றன. எங்களுக்கு அதில் அவ்வளவு சுவை இல்லை.

சற்று அப்பால் உள்ள ஐந்து கல் அடுப்புகளே எங்களை நிறுத்தி வைத்தன. நாட்டின் எல்லைகளிலிருந்து மலைக்கு மலை பகலில் புகையாகவும் இரவில் தீயாகவும் வந்த செய்தி, இறுதியில் இங்கேதான் அரசனுக்கு எட்டும். ஒரு புகை எழுந்தால் அமைதி. பகைவர் தென்பட்டால் இரண்டு. போர் மூண்டுவிட்டால் ஐந்து. இன்றிருப்பவை பின்னாளில் புதுப்பிக்கப்பெற்றவை.

மேல்தளத்தின் கண்ணாடிச் சுவர்களில் உலக நகரங்களின் பெயரும் தொலைவும் எழுதப்பட்டுள்ளன. தெற்கே ஹான் நதியும் பாலங்களும். வடக்கே அரண்மனையும் 836 மீட்டர் உயரமுள்ள புகான்சான் மலையும். குழந்தைகள் எங்கள் வீடு எது என்று தேடிக்கொண்டிருக்க, அம்மையார் வடமேற்கு மூலையில் நின்று ஒரு மங்கிய நீல வரையைக் காட்டினார். அது கேசாங் நகரத்து சோங்கக்சான் மலை, வடகொரியாவில் உள்ளது. தொலைவு சுமார் 60 கிலோமீட்டர். சென்னையிலிருந்து மாமல்லபுரம் போவதுபோல.

“பஸ்ஸில் போகலாமே, பாட்டி?” என்றாள் எங்கள் மகள்.

1950-இல் போர் தொடங்கும்வரை கேசாங் தெற்கோடுதான் இருந்தது; 1953-இல் போர் நின்றபோது வடக்கில் அகப்பட்டுக்கொண்டது. அம்மையாரின் தாயார் அவ்வூரார். 1950 டிசம்பரில், பன்னிரண்டு வயதில், நாலு நாளில் திரும்பிவிடலாம் என்று பெற்றோருடன் தெற்கே நடந்தவர். மணமாகியிருந்த அக்காள் அங்கேயே தங்கிவிட்டாள்.

அம்மையார் தென்மேற்குச் சன்னலுக்கு எங்களை அழைத்துச் சென்று நதியிலுள்ள யோய்தோ தீவைக் காட்டினார். போரில் பிரிந்த குடும்பங்களைச் சேர்த்துவைக்க கே.பி.எஸ். தொலைக்காட்சி 1983-இல் 138 நாட்கள் நிகழ்ச்சி நடத்தியது அங்கேதான். பெயரும் ஊரும் எழுதிய தாள்கள் கட்டடச் சுவரெல்லாம் ஒட்டப்பட்டிருந்தனவாம். பதினாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் ஒன்று சேர்ந்தன. அக்காளும் தப்பி வந்திருக்கலாம் என்று தாயாரும் ஒரு தாளை ஒட்டினார். எவரும் வரவில்லை.

பின்னர் 2000 முதல் 2018 வரை இரு அரசுகளும் இருபத்தொரு முறை நேர்முகச் சந்திப்புகளுக்கு ஏற்பாடு செய்தன. தெற்கில் பதிவு செய்துகொண்டோர் 1,30,000-க்கும் அதிகம். சீட்டுக் குலுக்கல் போலக் கணிப்பொறி ஒவ்வொரு முறையும் தேர்ந்தது சில நூறு பேரை. பதிந்தவர்களில் பெரும்பாலோர் இன்று உயிருடன் இல்லை. தாயாரும் மூன்றாண்டுகளுக்குமுன் காலமானார். கடிதமில்லை, தொலைபேசியில்லை.

கும்பகோணத்திலுள்ள எங்கள் தாயாருடன் அன்று காலைதான் முகம் பார்த்துப் பேசியிருந்தோம். பொங்கலுக்கு வர இயலாது, விமானக் கட்டணம் கட்டுபடியாகாது என்று சொல்லி முடித்திருந்தோம். அம்மையார் பேசிக்கொண்டிருக்கையில் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம், வாய் திறக்கவில்லை.

இறங்கும் வழியில், மதிலோரப் படியில் அமர்ந்து தயிர்ச்சாதம் உண்டோம். மாவடுவை அம்மையார் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக்கொண்டார். என்றேனும் வடக்கே சேர்ப்பிப்பதற்காக அரசாங்கம் முதியோரின் பேச்சைப் படமாக்கி வைக்கிறதாம், தாயாரும் பேசியிருக்கிறார்.

“என்ன பேசினார்?” என்று கேட்டோம்.

“வீட்டுக் கொல்லையில் ஒரு பேரிமரம் இருந்ததாம். அது இன்னும் காய்க்கிறதா என்றுதான் பாதி நேரம் கேட்டிருக்கிறாள்” என்றார்.