மோட்டார் ஸைக்கிள் டியூபில் ஒரு மூச்சு

பழைய மோட்டார் ஸைக்கிள் டியூப் ஒரு துண்டு. விஷவாயு முகமூடியில் பொருத்தும் தகர டப்பா ஒன்று. சின்னதாக ஒரு பிராணவாயு ஸிலிண்டர். இந்த மூன்றையும் உங்களிடம் கொடுத்தால் என்ன செய்வீர்கள்? காயலான் கடையில் போட்டால் என்ன தேறும் என்று கணக்குப் பார்ப்பீர்கள். நானும் அதைத்தான் செய்வேன்.

பிரெஞ்சுக் கடற்படையைச் சேர்ந்த ஓர் இளம் அதிகாரி அப்படிச் செய்யவில்லை. இரண்டாவது உலக மகாயுத்தம் மூளுவதற்குச் சற்று முந்திய காலம். ‘ஸஃப்ரென்’ என்ற போர்க் கப்பலில் துப்பாக்கிகளைப் பழுது பார்க்கும் மிஸ்திரி ஒருவரைப் பிடித்தார். இந்த மூன்று சாமான்களையும் சேர்த்து, தண்ணீருக்குள் மூச்சு விட ஒரு கருவி செய்து தரச் சொன்னார். மிஸ்திரி கெட்டிக்காரர், செய்து கொடுத்துவிட்டார். அதை மாட்டிக்கொண்டு அதிகாரி மத்தியதரைக் கடலில் குதித்தார்.

அவர் பெயர் ழாக் கூஸ்தோ. பிற்பாடு கடலடி உலகத்தைப் படமெடுத்து உலகப் புகழ் பெற்றாரே, அவரேதான்.

முதலில் எல்லாம் சொர்க்கமாகத்தான் இருந்தது. குழாய் இல்லை, கயிறு இல்லை, காற்றுக் குமிழிகளின் சத்தம் கூட இல்லை. 25 அடி ஆழத்தில் மீனோடு மீனாகத் திரிந்தார். ஒரு மீனைத் துரத்திக்கொண்டு இன்னும் கீழே போனார். சுத்தமான பிராணவாயு 45 அடிக்குக் கீழேதான் விஷமாகும் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அந்த 45 அடியை எட்டியதும் உதடுகள் தாமாகவே நடுங்கத் தொடங்கின. கண் இமைகள் படபடத்தன. முதுகு வில்லாகப் பின்பக்கம் வளைந்தது. இடுப்பில் கட்டியிருந்த பளுவைப் பிய்த்து எறிந்ததுதான் தெரியும். பிறகு நினைவு இல்லை. பளு போனதால் உடம்பு மேலே மிதந்தது. படகிலிருந்தவர்கள் தூக்கிப் போட்டார்கள். தசைவலி பல வாரம் நீடித்தது.

நீங்களோ நானோ என்றால் அந்தக் கருவியை அன்றே தலையைச் சுற்றிக் கடலில் எறிந்திருப்போம். கூஸ்தோ என்ன செய்தார் தெரியுமா? குற்றம் கருவியில்தான் என்று நினைத்தார். மழைக்கு ஒழுகும் ஓட்டைப் பிரித்து மேய்கிற மாதிரி, குளிர்காலம் முழுவதும் உட்கார்ந்து அதைத் திருத்தினார். அடுத்த கோடையில் திருத்திய கருவியோடு அதே 45 அடிக்குப் போனார். இந்தத் தடவை வலிப்பு இன்னும் வேகமாக வந்தது. பளுவை எறிந்தது கூட ஞாபகம் இல்லை. மயிரிழையில் தப்பினார்.

குற்றம் கருவியில் இல்லை. கருவி பழுதின்றித்தான் வேலை செய்தது. அந்த வேடிக்கையைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

நாம் உள்ளே இழுக்கும் காற்றில் நூற்றுக்கு 21 பங்கு பிராணவாயு. வெளியே விடும் மூச்சிலும் ஏறக்குறைய 16 பங்கு அப்படியே மிச்சம் இருக்கிறது. இலை நிறையச் சாதம் போட்டுக்கொண்டு, கால் பங்கைத் தின்றுவிட்டு மீதியை இலையோடு எறிகிற ஊதாரித்தனம்! நிலத்தில் இது பெரிதில்லை. ஆனால் முதுகில் ஸிலிண்டரைச் சுமந்து கடலில் இறங்குகிறவனுக்கு இது கட்டாது. ஆழம் போகப் போக, ஒவ்வொரு மூச்சுக்கும் அதிகக் காற்று செலவாகும். 100 அடி ஆழத்தில் ஒரு மூச்சு, கரையில் நாலு மூச்சுக்குச் சமம்.

விட்ட மூச்சையே ஒரு பையில் பிடித்து மறுபடியும் இழுத்தால் என்ன? இழுக்கலாம், அதில் சேர்ந்துவிட்ட கரியமில வாயுவை மட்டும் நீக்கவேண்டும். அதற்குச் சுண்ணாம்பு இருக்கிறது. கல்லூரி ரசாயன வகுப்பில், தெளிந்த சுண்ணாம்பு நீரில் குழல் வைத்து ஊதினால் அது பால் மாதிரி வெளுக்கும்; பார்த்திருப்பீர்கள். கரியமில வாயுவைச் சுண்ணாம்பு விழுங்கிவிட்டதற்கு அடையாளம் அது. காரம் கலந்த சுண்ணாம்புக் குருணையை டப்பாவில் நிரப்பி, மூச்சை அதன் வழியாக ஓட்டி, குறைந்த பிராணவாயுவை ஸிலிண்டரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் தீர்ந்தது. பை, டப்பா, ஸிலிண்டர். இவ்வளவுதான் ‘ரீப்ரீதர்’ என்னும் மறுசுவாசக் கருவி. யோசனை இத்தனை சுலபமாக இருப்பதால்தான் ஆளுக்கு ஆள் வீட்டிலேயே செய்யத் துணிந்துவிடுகிறார்கள்.

ஆரம்ப காலத்தில் துணிந்தவர்களில் ஒருவர் ஹென்றி ஃப்ளூஸ் என்ற ஆங்கிலேயக் கப்பல்காரர். 1870-களின் கடைசி வருஷங்களில், ரப்பர் பூசிய துணியில் முகமூடியும் பையும், செம்பில் பிராணவாயுக் கலமும் செய்தார். காஸ்டிக் பொட்டாஷ் கரைசலில் தோய்த்த கயிற்று நார், சுண்ணாம்பின் வேலையைச் செய்தது. தண்ணீருக்குள் நன்றாகவே மூச்சு விட முடிந்தது. மனுஷருக்கு அதோடு திருப்தி ஏற்பட்டதா? பிராணவாயுவை மூடிவிட்டால் என்ன ஆகும் என்று பார்க்க ஆசை வந்துவிட்டது. மூடினார். மூர்ச்சையானார். கூட இருந்தவர்கள் இழுத்துக் கரையேற்றினார்கள்.

ஆனாலும் கருவி வீண் போகவில்லை. இங்கிலாந்தில் ஸெவர்ன் நதிக்கு அடியில் ரெயில் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தபோது ஊற்று பீறிட்டுச் சுரங்கமே முழுகிவிட்டது. உள்ளே திறந்து கிடந்த இரும்புக் கதவை யாராவது போய் மூடவேண்டும். ஆயிரம் அடி தூரம், கும்மிருட்டு, வழியெல்லாம் தள்ளுவண்டிகளும் மரக்கட்டைகளும். அலெக்ஸாண்டர் லாம்பர்ட் என்ற முக்குளிப்பவர் காற்றுக் குழாயை இழுத்துக்கொண்டு போய்ப் பார்த்தார். குழாய் சுரங்கத்தின் கூரையில் போய் ஒட்டிக்கொண்டு மேலே நகரவிடவில்லை. 1880 நவம்பரில் ஃப்ளூஸின் பையை மாட்டிக்கொண்டு போனார். கதவைச் சாத்திவிட்டு வந்தார். கூடவே ஒரு வால்வையும் திருகி மூடினார். தண்ணீர் வடிந்த பிறகுதான் தெரிந்தது, அந்த வால்வுக்கு இடது கை மரையாம்! முன்பே மூடியிருந்ததை அவர் பாடுபட்டுத் திறந்துவிட்டு வந்திருக்கிறார்.

ஃப்ளூஸின் மூர்ச்சைக்கு வருவோம். நாலு பேர் சுற்றி இருந்தும், கெட்டிக்காரர் ஒருவர் எப்படித் தெரியாமல் மயங்கினார்? மூச்சு முட்டியிருக்க வேண்டாமா?

முட்டாது. நம் உடம்பில் பிராணவாயு குறைகிறது என்று கூச்சல் போடக் காவல்காரன் சரியாக இல்லை. கரியமில வாயு ஏறினால்தான் நெஞ்சு அடைத்துப் பதறுகிறோம். மறுசுவாசக் கருவியில் அந்தக் கரியமில வாயுவைத்தான் சுண்ணாம்பு தின்றுவிடுகிறதே! ஆகவே பிராணவாயு தீர்ந்துகொண்டே போகும். திணறல் இராது, பயம் இராது. விளக்கை அணைத்த மாதிரி நினைவு போகும். தண்ணீருக்குள் நினைவு போனால் மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

இது குறைந்தால் வரும் கேடு. கூஸ்தோவுக்கு வந்தது கூடினால் வரும் கேடு. ஆழத்தின் அழுத்தத்தில் பிராணவாயுவே மூளைக்கு நஞ்சாகி வலிப்பைக் கிளப்பும் என்று பிரெஞ்சு விஞ்ஞானி பால் பேர், வானம்பாடிகளை வைத்துச் சோதித்து, 1878-லேயே எழுதிவிட்டார். எந்த ஆழத்தில், எத்தனை நேரத்தில் என்பதுதான் சரிவரத் தெரியாமல் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க உடம்பைக் கொடுத்தவர்களில் ஒருவர் ஜே. பி. எஸ். ஹால்டேன். 1957-ல் நம் நாட்டுக்கே குடிவந்து, 1964-ல் புவனேசுவரத்தில் காலமானாரே, அந்த விஞ்ஞானிதான். யுத்த காலத்தில் இரும்பு அறைக்குள் உட்கார்ந்து பிராணவாயுவைச் சுவாசித்தார். வந்த வலிப்பில் முதுகெலும்பின் கணுக்கள் நசுங்கின.

அதே யுத்த காலத்தில் பிரிட்டிஷ் கடற்படை டாக்டர் கென்னத் டொனால்ட் ஏராளமான முக்குளிப்பவர்களைச் சோதித்தார். அவர் கண்டது நம்மைத் திகைக்க வைக்கிறது. ஒரே ஆள், ஒரே ஆழம். ஒரு நாள் வெகு நேரம் தாங்குகிறான், இன்னொரு நாள் சில நிமிடங்களில் துவண்டு விழுகிறான். நேற்றுத் தாங்கியது இன்றைக்குச் சாட்சி ஆகாது. சோதனைத் தொட்டியின் அடியில் ‘ஆக்ஸிஜன் பீட்’ என்றொரு பூதம் குடியிருப்பதாகவும், வேண்டாதவர்களைப் பிடித்து உலுக்குவதாகவும் அந்த வீரர்கள் கதை கட்டியிருந்தார்களாம். ஊருக்கு ஊர் புளியமரத்துப் பேய் இருக்கும்போது, தொட்டிக்கு ஒரு பூதம் இருக்கக் கூடாதா!

கூஸ்தோ இரண்டாவது வலிப்போடு பிராணவாயுவுக்கு ஒரு கும்பிடு போட்டார். 1943-ல் எமில் காக்னன் என்ற என்ஜினீயருடன் சேர்ந்து, எரிவாயுவில் ஓடிய மோட்டார் கார்களுக்கான வால்வு ஒன்றை மாற்றியமைத்து, சாதாரணக் காற்றில் இயங்கும் கருவியைச் செய்தார். விட்ட மூச்சு குமிழியாகப் போகட்டும் என்று விட்டுவிட்டார். இன்று உல்லாசமாகக் கடலில் முக்குளிப்பவர்களில் பெரும்பாலோர் மாட்டிக்கொள்வது அதன் வாரிசைத்தான்.

ஆனால் ஊதாரித்தனம் பொறுக்காதவர்கள் இருந்துகொண்டேதான் இருந்தார்கள். 1968-ல் வால்ட்டர் ஸ்டார்க், ஜான் கான்விஷர் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள், பைக்குள் பிராணவாயு எவ்வளவு இருக்கிறது என்று மின்சாரத்தால் அளந்து, குறைந்தால் தானே சேர்க்கும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். உடம்பில் இல்லாத காவல்காரனை யந்திரத்தில் வைத்தார்கள் என்று சொல்லலாம். 1987-ல் பில் ஸ்டோன் என்ற என்ஜினீயர் ஃபுளோரிடாவின் வக்கல்லா ஊற்றில், தாம் உருவாக்கிய கருவியோடு முழுசாக 24 மணி நேரம் தண்ணீருக்குள்ளேயே இருந்து காட்டினார்.

இதையெல்லாம் பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? 1990-களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வீட்டுக் கொட்டகையில் லேத்தும் ரம்பமும் வைத்திருந்த பலர் வேலையில் இறங்கினார்கள். கடையில் விற்கும் கருவியின் விலை பல லட்சம் ரூபாய். தாங்களே செய்தால் செலவு குறையும். செய்யும் ஆனந்தம் வேறு. பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய் சுண்ணாம்பு டப்பாவாயிற்று. ஸோவியத் யூனியன் கலைந்த பிறகு கழித்துப் போட்ட ராணுவக் கருவிகள் சந்தைக்கு வந்தன. அவற்றையும் வாங்கிப் பிரித்து மாற்றினார்கள்.

மாற்றுவதில்தான் சங்கதி இருக்கிறது. பையை மார்பிலிருந்து முதுகுக்கு மாற்றினால் முன்னால் வசதி. ஆனால் குப்புற நீந்தும்போது பை நுரையீரலுக்கு மேலே நிற்கும், ஒவ்வொரு மூச்சையும் பாடுபட்டு இழுக்கவேண்டும். நெல் அளப்பவர் படியைத் தட்டித் தட்டி நிரப்புவாரே, அப்படிச் சுண்ணாம்பைத் தட்டி நிரப்பவேண்டும். அவசரத்தில் கொட்டினால் குருணைக்கு நடுவே வாய்க்கால் விழும். மூச்சு அந்த வாய்க்கால் வழியே சுத்தமாகாமலே திரும்பி வரும். டப்பாவில் பாதிச் சுண்ணாம்பு புத்தம் புதிதாக இருக்கும்போதே ஆள் கரியமில வாயுவில் மயங்குவான். தண்ணீர் கசிந்து உள்ளே போனால் சுண்ணாம்பும் காரமும் கரைந்து வாய்க்கே வந்து சேரும். நம் வீட்டுக் காரக் குழம்பு இல்லை இது. தொண்டையை வெந்து போக வைக்கும்.

பிராணவாயுவை அளக்கும் ஸென்ஸார்களின் கதை இன்னும் சுவாரசியம். இவை சின்ன மின்கலங்கள். நாளாக ஆகச் சக்தி குறைந்து தப்பாகச் சொல்லும். ஒன்றை நம்ப முடியாது என்று மூன்று வைக்கிறார்கள். இரண்டு ஒத்துப்போய் ஒன்று மாறினால், இரண்டின் சொல்லே தீர்ப்பு. பஞ்சாயத்து மாதிரிதான். ஆனால் மூன்றையும் ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கியிருந்தால்? மூன்றும் சேர்ந்தே மூப்படையும். கெட்டுப்போன இரண்டு சேர்ந்து, நல்ல ஒன்றைப் பொய்யன் என்று தள்ளிவைத்துவிடும். விஷயம் தெரிந்தவர்கள் ஒவ்வொரு ஸென்ஸாரையும் வேறு வேறு மாதத்தில் வாங்கி மாற்றுகிறார்கள்.

1998 முதல் 2010 வரை, பொழுதுபோக்குக்காக ரீப்ரீதருடன் இறங்கி இறந்தவர்கள் 181 பேர் என்று பதிவாகியிருக்கிறது. சாதாரணக் கருவியோடு இறங்குவதைவிட இதில் சுமார் பத்து மடங்கு அபாயம் என்று ஆஸ்திரேலிய டாக்டர் ஒருவர் 2013-ல் மதிப்பிட்டார். தொழிற்சாலையில் செய்து, சோதித்து, முத்திரை குத்தி விற்ற கருவிகளும் இந்தக் கணக்கில் சேர்த்திதான்.

ஆகையால் இப்போது இவர்களிடம் ஒரு வழக்கம். இறங்குவதற்கு முன் படகிலேயே உட்கார்ந்து, மூக்கை அடைத்துக்கொண்டு, ஐந்து நிமிடம் கருவியிலேயே மூச்சு விட்டுப் பார்ப்பது. ஏதாவது கோளாறு என்றால் அங்கேயே தெரிந்துவிடும் அல்லவா?

நியூஸிலாந்தில் இதையும் சோதித்தார்கள். 2015-ல் முடிவு வெளியாயிற்று. டப்பாவில் சுண்ணாம்பே போடாமல், இருபது பேரை ஐந்து நிமிடம் மூச்சு விடச் சொன்னார்கள். பதினைந்து பேர் ஏதோ சரியில்லை என்று கழற்றிவிட்டார்கள். மீதி ஐந்து பேர், காலி டப்பாவில் மூச்சை விட்டு வாங்கியபடி, நேரம் முடியும் வரை அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள்.