விஞ்ஞானக் கல்வியும் பரீட்சையும்

ஐயுற்று, ஆய்ந்து, தெளிதலே விஞ்ஞானம் என்பதை அறியாத ஆசிரியர் நம் நாட்டில் இலர். அறிந்தும், வகுப்பிலே பெரும்பாலும் நிகழ்வது ஆசிரியர் குறிப்புரைத்தலும் மாணாக்கர் அதனை எழுதுதலுமேயாம். இதன்பொருட்டு ஆசிரியரை நோதல் வழக்கமாய்விட்டது. ஆயின், ஆசிரியரினும் பரீட்சையே இதற்குப் பெருங் காரணம் என்பது எம் துணிபு.

கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அக்குறணையைக் கடந்து சென்றால் அலவத்துகொடவை அடையலாம். கண்டி, மாத்தளைப் பகுதிகளின் வீட்டுத் தோட்டங்களிற் கராம்பும் சாதிக்காயும் மிளகும் விளைகின்றன. கராம்பு பறிக்குங் காலத்தில் முற்றத்துப் பாய்களிலே மொட்டுக்கள் காய, அவற்றின் வாசனை தெருவரையும் பரவும். அவ்வாசனைக்குக் காரணமாகிய எண்ணெயைக் கொதிநீராவிக் காய்ச்சிவடிப்பாற் பிரித்தெடுக்கும் வகை, க.பொ.த. சாதாரண தர மாணாக்கர் கற்கும் பாடங்களுள் ஒன்று. முற்றத்திலே கராம்பு கிடக்க, கரும்பலகையிற் கண்ட படத்தைக் கொப்பியில் வரைந்து உறுப்புக்களுக்குப் பெயரிடுவதோடு அப்பாடம் முடிந்துபோவதும் உண்டு.

அதனைச் செய்து பார்த்தால் விளைவது யாது? இடித்த கராம்பை நீருடன் குடுவையிலிட்டுக் கொதிக்கச் செய்து, எழும் ஆவியைக் குளிர்நீர் சூழ்ந்த குழாய் வழியே செலுத்துதல் வேண்டும். ஆவி செல்லும் வழி அடைபடாதவாறு ஆசிரியர் காத்தல் இன்றியமையாதது. உலர்ந்த கராம்பின் நிறையில் 15 முதல் 20 சதவீதம் வரை எண்ணெயாகலின் ஒரு கைப்பிடியே போதும். வடிந்து சேர்வது பால்போற் கலங்கிய நீர். அசையாது வைப்பின் எண்ணெய்த் துளிகள் பிரிந்து அடியிலே தங்கும். எண்ணெய் என்றால் நீரில் மிதக்கும் என்று அன்றுவரை எண்ணியிருந்த பிள்ளை இங்கே திகைக்கும். சாதிக்காயைக் கொண்டு அதே செயலைச் செய்தால் எண்ணெய் மேலே மிதக்கும். ஒன்று தாழ, மற்றொன்று மிதப்பது ஏன்? கராம்பெண்ணெயின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 1.05 கிராம், சாதிக்காயெண்ணெயின் அடர்த்தி 0.9 கிராம் அளவினது. முன்னர் வெறும் வாய்பாடாகக் கிடந்த அடர்த்தி, இப்பொழுது தான் கேட்ட கேள்விக்கு விடையாக வந்து பிள்ளையின் மனத்திற் பதிகின்றது. காய்ச்சிவடிப்புப் பற்றிய பாடம் அடர்த்திப் பாடமாக மாறிவிட்டதேயென்று கவலுவார் உளராயின், அவர்க்கு நாம் கூறத்தக்கது ஒன்றுமில்லை.

சூழலைப் பாடமாக்கும் கருத்துக் கண்டி மாவட்டத்துக்குப் புதிதன்று. 1930-களில் ஹந்தெஸ்ஸவின் பெயரால் வழங்கிய கிராமக் கல்வித் திட்டம் அந்நோக்குடையதே. பெற்றோரோ ஆங்கிலத்தையும் அதனால் வரும் உத்தியோகத்தையுமே விரும்பினர். திட்டமும் காலப்போக்கில் மறைந்தது. அவரைக் குறை கூறல் எளிது. உத்தியோகத்தின் வாயில் பரீட்சையாயிருக்க, அப்பரீட்சை வினவாத ஒன்றில் மகனை ஈடுபடுத்த எத்தந்தை துணிவான்?

1972-ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் இலங்கையில் 6 முதல் 9 வரையான வகுப்பினர் அனைவர்க்கும் ஒன்றிணைந்த விஞ்ஞானத்தைப் பொதுப் பாடமாக்கிற்று. முன்பு விஞ்ஞானமே எட்டாத சிறு பாடசாலைகளுக்கும் அது எட்டியது. பெருஞ் செயலே அது. எனினும் பயிற்சி பெற்ற ஆசிரியரும் கருவிகளும் அதே விரைவிற் சென்று சேரவில்லை. மலையகத்துச் சிறு தமிழ்ப் பாடசாலைகளில் விஞ்ஞான ஆசிரியர் பற்றாக்குறை நெடுங்காலமாகத் தொடர்ந்து வருவது.

அதே 1972-இல் இந்தியாவின் மத்தியப் பிரதேசத்திலே ஹோஷங்காபாத் மாவட்டத்தின் 16 நடுநிலைப் பாடசாலைகளில் ஒரு முயற்சி தொடங்கிற்று. மாணாக்கர் சிறு குழுக்களாகக் கூடித் தாமே பரிசோதனை செய்தனர். பூவின் உறுப்புக்களைப் பிரிக்கக் கருவேல முள்ளே ஊசியாயிற்று. அவர்கள் பரீட்சையையும் மாற்றியமையே இங்கு நாம் சிறப்பாக நோக்கற்பாலது. எழுத்துப் பரீட்சையில் நூலையும் குறிப்பையும் விரித்து வைத்துக்கொள்ளலாம். செய்முறைப் பரீட்சை தனியே உண்டு. மனனம் பயனற்றுப்போகவே, வகுப்பிலே செய்து பார்த்தல் பயனுடையதாயிற்று. முப்பது ஆண்டுகள் நடந்து, பல நூறு பாடசாலைகளுக்குப் பரவிய அத்திட்டத்தை மாநில அரசு 2002-இல் நிறுத்திவிட்டது. முறை பிழையென்பதனால் அது நின்றதென யாம் கருதவில்லை. அரசின் ஆதரவு உள்ளவரையே இத்தகையன நிலைக்கும்.

நம் சாதாரண தர விஞ்ஞானப் பரீட்சை எழுத்துப் பரீட்சையே. பரிசோதனையைப் பற்றி அது வினவுகின்றது. பரிசோதனையைச் செய்யுமாறு கேட்பதில்லை. செய்தவனும் செய்யாது மனனஞ் செய்தவனும் ஒரே புள்ளியைப் பெறுகின்றனர். மொத்தப் புள்ளிகளில் ஐந்திலொன்றையேனும் செய்முறைக்கு ஒதுக்கினால், பூட்டிக் கிடக்கும் ஆய்வுகூடங்கள் தாமே திறக்கும். ஆசிரியர் தம் மாணாக்கர்க்கு மிகையாகப் புள்ளியிடுவர் என்பர். அவ்வச்சம் நியாயமானதே. அக்குறணை ஆசிரியர் அலவத்துகொடவிலும், அலவத்துகொட ஆசிரியர் மாத்தளையிலும் சென்று புள்ளியிடுமாறு செய்தல் இயலாத காரியமன்று. நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு குடுவை எங்ஙனம் போதும் என்பாரும் உளர். நால்வர்க்கு ஒன்றாகப் பத்துக் கேத்தல்களும், அவற்றின் மூக்கிற் பொருத்த இறப்பர்க் குழாய்களும் போதும். கராம்பைப் பிள்ளைகளே கொண்டு வருவர்.