மருந்துக் கொல்லை – 9: கார்த்திகை மழையும் கஞ்சாப் பூவும்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகுதான் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு வினை வந்தது. வலுவிழந்து உள்ளே நகர்ந்த மேகக்கூட்டம், டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டித் தீர்த்தது. ஏரி நிரம்பி வழிந்த வெள்ளத்தில், சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் அடித்துக்கொண்டு போனதைத் தமிழ்நாடே காணொளியில் பார்த்தது. இந்த மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதே ஏறக்குறைய 80, 90 சென்டிமீட்டர்தான். அதில் பாதிக்கு மேல் ஒரே நாளில்.

சாமல்பட்டி அதே ஊத்தங்கரை வட்டத்து ஊர். ஜோலார்பேட்டை–சேலம் ரயில் பாதையில் ஒரு நிலையம், சுற்றிலும் கல் குவாரிகள், மானாவாரிக் கொல்லைகள், மாந்தோப்புகள், புளியமரங்கள். பிள்ளைகளில் ஒருவராவது ஓசூர்ப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகாத வீடு இந்த வட்டாரத்தில் குறைவு. இங்கே ஒரு பயிரின் மருந்து முழுவதும் அதன் பூவில் இருந்து, அந்தப் பூ கார்த்திகையில் முற்றி நின்றால் என்ன ஆகும்? கஞ்சாவை மருந்துப் பயிராகப் பேசப் புகும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது என்று எனக்குப் படுகிறது. சட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வானத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். கண்வலிக்கிழங்கு, அவுரி, நித்தியகல்யாணி போன்றவற்றை விரும்புகிற உழவர் விதைத்துக்கொள்ளலாம். கஞ்சாவை அப்படி விதைக்க முடியாது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி அனுமதியில்லாமல் ஒரு செடி வளர்த்தாலும் குற்றம். பத்து ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆனால் அதே சட்டம் மருத்துவத்துக்கும் ஆராய்ச்சிக்கும் ஒரு வாசலைத் திறந்தே வைத்திருக்கிறது. பத்தாவது பிரிவு, கஞ்சாச் செடி வளர்ப்பை அனுமதித்து முறைப்படுத்தும் அதிகாரத்தை மாநில அரசுகளுக்குத் தருகிறது. உத்தராகண்ட் 2018இல் போதை மிகக் குறைந்த நார் ரகங்களுக்கு உரிமம் கொடுத்தது. ஜம்முவில் மத்திய அரசின் மருந்தாய்வு நிறுவனம் தன் பண்ணையில் மருத்துவத்துக்காகவே வளர்த்து ஆராய்கிறது. 2025 ஜனவரியில் இமாச்சலப் பிரதேச அமைச்சரவை, இரண்டு பல்கலைக்கழகங்கள் வழியே ஒரு முன்னோட்ட ஆய்வுக்கு ஒப்புதல் தந்தது. மூன்றுமே இமயமலைப் பக்கம். தெற்கே இப்படி ஒரு முயற்சி நடந்து பேசப்பட்டதாகத் தெரியவில்லை.

இந்த மருந்து யாருக்கு? எந்த மாத்திரைக்கும் அடங்காத வலிப்போடு வளரும் குழந்தைகள் இருக்கிறார்கள். டிராவே, லெனாக்ஸ்–காஸ்டோ என்ற இரண்டு கொடிய வலிப்பு நோய்களுக்கு, இந்தச் செடியிலிருந்து பிரித்தெடுத்த சி.பி.டி. மருந்தை 2018 ஜூனில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதித்தது. சி.பி.டி. போதை தராது. போதை தருவது டி.எச்.சி.; புற்றுநோய் சிகிச்சையில் வரும் ஓயாத வாந்திக்கு அதுவும் மருந்தாகப் பயன்பட்டு வருகிறது. நம் சித்த மருத்துவத்தில் முறையாகச் சுத்தி செய்த கஞ்சா சேரும் மருந்துகள் உண்டு. அந்தக் குழந்தைகளின் பெற்றோர் ஒரே ஒரு முறை என்னிடம் பேசியிருந்தாலும் போதும், இந்தச் செடியை வெறும் போலீஸ் செய்தியாக மட்டும் என்னால் பார்க்க முடியாமல் போயிருக்கும். நான் பேசியது ஒரு பெற்றோரிடம் மட்டுமல்ல.

சரி, செடிக்கு வருவோம்.

கஞ்சா இரவின் நீளத்தைப் பார்த்துப் பூக்கும் செடி. பகல் நீண்டிருக்கும்வரை தழையும் தண்டுமாக வளரும். பகல் குறுகி, ஒரு ரகத்துக்கு 14 மணி நேரம், இன்னொன்றுக்கு 13, 12 என்று அதனதன் எல்லைக்குக் கீழே வந்ததும் பூவுக்குத் திரும்பும். ஜம்முவில் ஆனி மாதப் பகல் 14 மணி நேரத்தைத் தாண்டும். இங்கிலாந்தில் பதினாறரை மணி நேரத்துக்கும் மேல். அங்கே செடி கோடை முழுக்க வளர்ந்து, பகல் குறையும்போது பூக்கிறது. சாமல்பட்டி நிலநடுக்கோட்டுக்கு 12 டிகிரி வடக்கே இருக்கிறது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலே சுமார் 12 மணி 50 நிமிடம். மிகக் குறுகியது 11 மணி 25 நிமிடத்துக்குப் பக்கம். வருஷம் முழுக்கச் சேர்த்தும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம் இல்லை.

இதன் விளைவு பெரியது. வடக்கத்தி விதையை வாங்கி வந்து இங்கே திறந்த வெளியில் ஊன்றினால், அது முளைத்த நாளிலிருந்தே பகல் குறுகிவிட்டதாக எண்ணிக்கொள்ளும். முழங்கால் உயரத்தில் பூத்துவிடும். மகசூல் இருக்காது. வெப்ப மண்டலத்திலேயே தலைமுறை தலைமுறையாக நின்ற நாட்டு வகைகள் வேறு விதம். அவை பன்னிரண்டு மணி நேரப் பகலிலும் அவசரப்படாமல் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து, மூன்று நான்கு மாதம் எடுத்துக்கொண்டு பூக்கும். தென்னிந்தியாவுக்கு மருந்து ரகம் என்று ஒன்று வருவதானால் அது இந்த வழியில்தான் வர வேண்டும். வெளிநாட்டு விதைப் பட்டியலில் தேடிப் பயனில்லை.

இந்த மாவட்டத்து உழவருக்கு இது புதிய பாடமும் இல்லை. ராகிக் கொல்லையில் சால் விட்டு விதைக்கும் பழைய அவரை, மொச்சை ரகங்களும் இரவின் நீளம் பார்த்துப் பூப்பவைதான். வைகாசியில் விதைத்தாலும் ஆடியில் விதைத்தாலும் பனிக்காலம் நெருங்கும்போதுதான் அவை பூக்கும். ஓசூரின் பசுமைக் குடில்களில் சாமந்தி வளர்ப்பவர்கள் இதை இன்னும் நுட்பமாகக் கையாளுகிறார்கள். பூ வேண்டாத வாரங்களில் இரவில் விளக்குப் போட்டுச் செடியை ஏமாற்றுகிறார்கள். பூ வேண்டும்போது கறுப்புத் துணியை இழுத்து மூடிப் பகலைச் சுருக்குகிறார்கள். உலகின் மருத்துவக் கஞ்சாக் கூடங்கள் செய்வதும் இதே வேலைதான். இந்தத் தொழில்நுட்பம் தெரிந்த கைகள் ஓசூரில் ஏற்கெனவே இருக்கின்றன என்பதைத் திட்டம் போடுகிறவர்கள் யாராவது என்றைக்காவது கவனிக்க வேண்டும்.

குடிலுக்கு வெளியே, திறந்த கொல்லையில் என்ன ஆகும்? வெயில் இங்கே குறை வைக்காது. தொல்லை மழையில்தான். கிருஷ்ணகிரிக்கு மழை பல தவணையில் வரும். சித்திரை, வைகாசியில் இடியும் காற்றுமாகக் கோடை மழை. ஆடியில் பெரும்பாலும் காற்றுதான். ஆவணிக் கடைசியிலிருந்து ஐப்பசி வரை நல்ல மழை. அதன்பின் புயல் வந்தால் கார்த்திகை மழை, 2024இல் வந்தது போல. ஆடிப்பட்டத்தில் மற்ற பயிர்களோடு சேர்த்து விதைத்தால், பூ முற்றும் வாரங்கள் நேராக ஐப்பசி, கார்த்திகையில் போய் விழும்.

மழை நனைத்த பூவுக்கு என்ன கேடு? கஞ்சாவின் பெண் பூக்கள் அடர்ந்த கதிராக நெருங்கி வளர்பவை. உள்ளே போன ஈரம் லேசில் வெளியேறாது. திராட்சைக் குலையை அழிக்கும் அதே சாம்பல் பூஞ்சை இதையும் பிடிக்கும். வெளியே பச்சையாகத் தெரியும் கதிர் உள்ளுக்குள் பழுப்பாக அழுகியிருக்கும். நாருக்கோ விதைக்கோ வளர்த்திருந்தால் ஒரு பகுதி நஷ்டத்தோடு போகும். மருந்தில் அப்படிச் சமாதானம் செய்துகொள்ள முடியாது. கீமோதெரபி எடுத்து எதிர்ப்புச் சக்தி குன்றிய ஒரு நோயாளியின் நுரையீரலுக்குள் பூஞ்சை வித்து போனால் அது உயிருக்கே ஆபத்து. மருந்துக்கான பூவில் பூசணத்தைத் தரம் குறைந்த சரக்காகத் தள்ளிவிட முடியாது, மொத்தமாக அழித்தாக வேண்டும்.

மழை நாட்டில் இந்தச் செடியை எப்படி வளர்த்தார்கள் என்பதற்கு ஓர் அருமையான பழைய ஆவணம் இருக்கிறது. 1893இல் பிரிட்டிஷ் அரசு அமைத்த இந்திய சணல் போதைப்பொருள் ஆணையம், நாடு முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, 1894இல் பல தொகுதிகளாக அறிக்கை தந்தது. அன்றைய வங்காளத்தில், இப்போது பங்களாதேஷில் உள்ள நவ்காவ் வட்டாரத்துச் சாகுபடியை அது விரிவாக விவரிக்கிறது. அங்கே ஆகஸ்டில் நாற்று விடுவார்கள். மழை ஓய ஆரம்பிக்கும் செப்டம்பரில் நடவு. பூ வரும் பருவத்தில் ஆண் செடிகளை இனங்கண்டு பிடுங்குவதற்கென்றே தேர்ந்த ஆள் வருவார், ஏனென்றால் காற்றில் வரும் மகரந்தம் பட்டுக் கருவுற்ற பூ மருந்துப் பிசினை விட்டுவிட்டு விதைக்குப் போய்விடும். அறுவடை ஜனவரி, பிப்ரவரியில், வங்காளத்தின் வறண்ட குளிர்காலத்தில். மழைக்காலத்தைச் செடி வளர்வதற்கு விட்டுவிட்டு, மழையில்லாத காலத்தைப் பூவுக்கு ஒதுக்கினார்கள். அந்த உழவர்களின் கணக்கு அவ்வளவு சுத்தமாக இருந்தது.

அதே விசாரணையில் சென்னை மாகாணத்துக் கணக்கில் வட ஆற்காட்டின் ஜவ்வாது மலையும் வருகிறது. ஊத்தங்கரையிலிருந்து திருப்பத்தூர் போய் அப்படியே கிழக்கே ஏறினால் அந்த மலைதான். இந்தச் செடியும் நம் வட்டாரமும் ஒருவருக்கொருவர் அந்நியமில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நவ்காவின் கணக்கை அப்படியே சாமல்பட்டிக்குக் கொண்டுவர முடியாது. அங்கே மழை செப்டம்பரில் விலகத் தொடங்கும் நேரத்தில் இங்கே வலுக்கிறது. ஆனால் நம்மிடம் நவ்காவுக்கு இல்லாத ஒரு வசதி உண்டு: எந்த மாதத்திலும் பகல் குறுகியதே என்பதால், எந்த மாதத்தில் பூக்க வேண்டும் என்பதை விதைப்பு நாளை வைத்தே நாம் முடிவு செய்யலாம். ஐப்பசிக் கடைசியில் மேட்டுப்பாத்தியில் நாற்றாக வைத்துக் காத்து, கார்த்திகை மழை கழிந்து நட்டால், பூ மாசி, பங்குனியில் முற்றும். மார்கழி, தை மாதங்களின் மூடுபனிக்கும் அது தப்பிவிடும். அந்தப் பனி என்ன செய்யும் என்று இங்கே மாந்தோப்பு வைத்திருப்பவர்களிடம் கேட்டால் போதும். பூத்த நேரத்தில் பனி மூட்டமும் தத்துப்பூச்சியும் சேர்ந்தால் தோதாபுரி மரம் முழுக்கப் பூ கருகி நிற்பதை அவர்கள் எத்தனையோ வருஷம் பார்த்தவர்கள்.

மாசி, பங்குனிக்கு விலை தண்ணீர். அந்த மாதங்களில் போர்வெல்லை நம்பித்தான் பயிர் நிற்க வேண்டும். ஊத்தங்கரை வட்டத்தில் போர்வெல் ஆழம் பற்றிப் பேச ஆரம்பித்தால் அது தனிக் கட்டுரை. சொட்டுநீர் இல்லாமல் இந்தக் கணக்கு நிற்காது என்பது மட்டும் உறுதி.

மண்ணையும் சொல்லாமல் விட முடியாது. சாமல்பட்டி என்ற பெயர் நிலவியல் படித்தவர்களுக்கு உலகம் முழுக்கத் தெரியும். கார்பனடைட் என்ற அரிய பாறை வகை இங்கே கிடைக்கிறது. கூடவே டியூனைட், பைராக்சினைட் பாறைகளும். இப்படிப்பட்ட பாறைகள் சிதைந்து உருவாகும் மண்ணில் நிக்கலும் குரோமியமும் பொதுவாகவே கூடுதலாக இருக்கும். கஞ்சாச் செடியோ மண்ணிலிருந்து கன உலோகங்களை உறிஞ்சிச் சேர்த்துக்கொள்வதில் கெட்டிக்காரச் செடி. கெட்டுப்போன நிலத்தைச் சுத்தப்படுத்த இதன் நார் ரகங்களைப் பயன்படுத்தலாமா என்று ஆராய்ச்சிகளே நடந்திருக்கின்றன. நிலத்தைச் சுத்தப்படுத்துகிற அந்தக் குணமே மருந்துச் செடியில் நஞ்சாகிவிடும். எனவே ஒரு விதை விழும் முன்பே கொல்லைக்குக் கொல்லை மண் பரிசோதனை நடந்தாக வேண்டும். இதில் தளர்வுக்கே இடமில்லை.

இத்தனை தொல்லைக்குப் பேசாமல் கூடத்துக்குள்ளேயே வளர்த்துவிடலாமே என்று கேட்கலாம். இங்கிலாந்தில் அதைத்தான் செய்தார்கள். நார்ஃபோக் பகுதியில் தக்காளி வளர்த்துக்கொண்டிருந்த ஒரு பெரிய கண்ணாடிக் குடிலையே வலிப்பு மருந்துக்கான கஞ்சாவுக்கு மாற்றினார்கள். ஒவ்வொரு செடியிலும் ஒரே அளவு சி.பி.டி. வேண்டுமென்றால் ஒரே வெளிச்சம், ஒரே ஈரம், ஒரே வெப்பம் வேண்டும். கண்ணாடிக்குள் அது கிடைக்கும். ஆனால் குளிரூட்டலும் மின்சாரமும் சேர்ந்த அந்த மருந்தின் விலை நம் ஊர்க் குடும்பங்களுக்கு எட்டாத உயரம். வெயிலை இலவசமாகக் கொடுக்கும் ஊரில் கொல்லையில் வளர்த்து, தொழிற்கூடத்தில் சாறு பிரித்து, அங்கே அளவைச் சமன்படுத்துவது விலையைக் குறைக்க ஒரு வழி. பூவுக்குப் பூ உள்ள வித்தியாசம் சாற்றில் சரிசெய்யப்படும். பூசணமும் உலோகமும் மட்டும் சாற்றிலும் சரியாகாது. அதனால்தான் பருவத்தையும் மண்ணையும் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இலங்கையில் வேறொரு பாடம் இருக்கிறது. அங்கே ஆயுர்வேத மருந்துக் கூட்டுத்தாபனத்துக்கு நீண்ட காலம் கஞ்சா வந்தது நீதிமன்றங்களிலிருந்து: பறிமுதலாகி, வழக்கு முடியும்வரை கிடங்கில் கிடந்த பழைய சரக்கு. காற்றும் வெளிச்சமும் பட்டுக் கிடந்தால் டி.எச்.சி. மெல்ல வேறு பொருளாக மாறிவிடும். மருந்தின் வீரியம் போய்விடுகிறது என்று அங்குள்ள அமைச்சரே சொல்லி, அரசே வளர்க்கலாம் என்ற யோசனையும் எழுந்தது. எங்கே, எப்போது, எந்த மழையில் வளர்ந்தது என்றே தெரியாத பூவை வைத்து மருந்து செய்வது நோயாளிக்குச் செய்யும் அநீதி.

காவேரிப்பட்டினம் பக்கம் பையூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கொள்ளிலும் சாமையிலும் இந்த வறண்ட மண்ணுக்கென்றே ரகங்கள் தந்த இடம். பத்தாவது பிரிவின்படி மாநில அரசு அனுமதி கொடுத்தால், வேலியும் காவலும் கண்காணிப்பும் போட்டு அங்கே கால் ஏக்கர் போதும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று மூன்று நடவு நாள். தெற்கத்தி வகைகள் இரண்டு மூன்று. ஒவ்வொரு அறுவடையிலும் பூசணம், உலோகம், டி.எச்.சி., சி.பி.டி. அளவு. மூன்று வருஷம் தொடர்ந்து செய்ய வேண்டும்; அதில் ஒரு வருஷம் ஃபெஞ்சல் போல ஒரு மழை வந்தால், அதுவும் கணக்கில் சேரட்டும். அந்த எண்கள் கையில் வரும்வரை எந்த உழவரிடமும் இது லாபப் பயிர் என்று யாரும் சொல்லக் கூடாது.

அறுவடைக்குப் பிந்தைய உலர்த்தலும் சாறு பிரித்தலும் அடுத்த வாரம்.